சங்குப்பூவும் செம்பருத்தியும் நிறம் போகாமல் காய்வது எப்படி?

கேள்வி: வணக்கம் ஐயா. செங்கம் பக்கம் 30 சென்டில் சங்குப்பூ போட்டிருக்கிறேன். வேலியோரம் ஒற்றை அடுக்கு செம்பருத்தியும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து தினமும் 4 கிலோ பூ வரும். தேநீருக்கு என்று காய வைத்து விற்கிறேன். வெயிலில் போட்டால் சங்குப்பூ சாம்பல் பூத்த மாதிரி வெளுக்கிறது. நிழலில் போட்டேன், ஐப்பசி மழையில் செம்பருத்தி கருத்து, சங்குப்பூ காம்பில் பூஞ்சை வந்துவிட்டது. வாங்குபவர் திருப்பி அனுப்பிவிட்டார். டிரையர் வாங்கலாமா? பக்கத்துத் தோட்டத்தில் ரோஜா இதழ் மலிவாகக் கிடைக்கிறது, அதையும் காய வைக்கலாமா? – ஒரு விவசாயி, திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: வணக்கம் அம்மா. உங்கள் பூவில் குறை இல்லை. வெயிலில் வெளுத்ததும் நிழலில் கருத்ததும் வேறு வேறு காரணத்தால். அதைப் பிரித்துப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகும்.

இந்த இரண்டு பூவுக்கும் நிறம் கொடுப்பது ஆந்தோசயனின் என்ற நிறமி. வெளிச்சம், சூடு, காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் அதற்கு ஆகாது. நேர் வெயிலில் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து தாக்குகின்றன. அதனால்தான் பூ சீக்கிரம் காய்ந்தாலும் நீலம் நிற்பதில்லை. வேப்பம்பூவைச் சித்திரை வெயிலில் முற்றத்தில் காய வைத்து வருடம் முழுக்க ரசத்துக்குப் பயன்படுத்துகிறோம், அதற்கு ஒன்றும் ஆவதில்லை. அதில் நமக்கு வேண்டியது கசப்பும் மணமும்தான், நிறம் இல்லை. அந்தப் பழக்கத்தைச் சங்குப்பூவுக்கும் கொண்டுவந்ததில்தான் சிக்கல்.

நிழலில் நடந்தது வேறு. பறித்த பூவில் 85 முதல் 90 சதவீதம் தண்ணீர். இதழ் வாடும்போது உள்ளே செல்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனியாக இருந்த நிறமியும் நொதிகளும் (செல்லுக்குள் வேதி மாற்றத்தைத் தூண்டும் பொருட்கள்) அப்போது கலக்கின்றன. இதழ் கருப்பது இந்த நொதிகளின் வேலை. ஈரம் இருக்கும் வரை அவை ஓயாது. ஆகவே முதல் சில மணி நேரத்தில் எவ்வளவு ஈரத்தை வெளியேற்றுகிறீர்கள் என்பதில்தான் தரம் இருக்கிறது. செம்பருத்தி இதழில் வழவழப்பு அதிகம், அது தண்ணீரை லேசில் விடாது. அதனால்தான் சங்குப்பூவை விட செம்பருத்தி முதலில் கருத்தது.

இதனால் நிழல் உலர்த்தலே தவறு என்று நினைக்க வேண்டாம். ஆனி, ஆடியில் காற்று அடிக்கும்போது, ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் வலைத்தட்டில் மெல்லியதாகப் பரப்பினால் நன்றாகவே காயும். ஐப்பசி, கார்த்திகையில் அது நடக்காது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது பூ எத்தனை நாள் கிடந்தாலும் ஒரு அளவுக்குக் கீழே ஈரம் இறங்காது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், காம்பருகே உள்ள பச்சைப் பகுதியில் ஈரம் நிற்கும். உங்களுக்குப் பூஞ்சை வந்த இடமும் அதுதான்.

வருடம் முழுக்க விற்பதாக இருந்தால் டிரையர் வாங்குவது நல்லது என்பதே என் கருத்து. தட்டுகள் வைத்த, சூடான காற்று சுற்றி வரும் சிறிய கேபினட் டிரையர் போதும். ஒரு சதுர மீட்டர் தட்டில் ஒரு கிலோவுக்கு மேல் போடக் கூடாது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 4 கிலோவுக்கு 4 சதுர மீட்டர் தட்டுப் பரப்பு வேண்டும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவியும், ஈரக்காற்றை வெளியேற்றும் விசிறியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விசிறி சரியில்லாத டிரையரில் பூ காயாது, வேகும்.

செம்பருத்திக்கு 45 டிகிரி வையுங்கள். சங்குப்பூவின் நிறமி கொஞ்சம் உறுதியானது, 50 டிகிரி வரை தாங்கும். சீக்கிரம் முடியட்டும் என்று 65, 70 க்கு ஏற்றாதீர்கள். நேரம் மிச்சமாகும், நிறம் போய்விடும். முதல் ஒரு மணி நேரம் ஈரக்காற்று வெளியேறும் திறப்பை முழுசாகத் திறந்து வையுங்கள், அப்போதுதான் அதிக ஈரம் வெளியேறும். அப்புறம் பாதி மூடலாம்.

சோலார் டிரையர் வைத்தால் மின்சாரச் செலவு குறையும். ஆனால் கண்ணாடி போன்ற கூரை வழியாக வெளிச்சமும் உள்ளே வரும், கோடை மதியத்தில் சூடு 60 ஐத் தாண்டிவிடும். கூரைமேல் நிழல்வலை போட வேண்டும், உள்ளே ஒரு வெப்பமானி தொங்கவிட வேண்டும், சூடு ஏறும்போது திறப்புகளைத் திறந்துவிட வேண்டும். மழைக் காலத்தில் இதை மட்டும் நம்ப முடியாது.

உறைநிலை உலர்த்தல் பற்றியும் யாராவது சொல்வார்கள். பூவை உறைய வைத்து, வெற்றிடத்தில் பனியை நேரடியாக ஆவியாக்குவது. நிறம், வடிவம் இரண்டுக்கும் அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் இயந்திரம் பல லட்சம், உங்கள் 4 கிலோவுக்குக் கட்டாது. அலங்காரப் பூ காய வைக்க ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொடியில் புதைக்கும் முறையும் உண்டு. அது சுவரில் மாட்டுவதற்கு மட்டும்தான், வாயில் வைக்கும் பூவுக்கு வேண்டவே வேண்டாம். பளபளப்புக்காகக் கந்தகப் புகை போடச் சொன்னாலும் கேட்காதீர்கள், அது இந்த நிறமியையே வெளுக்கச் செய்யும்.

டிரையரை விட முக்கியம் பறிப்பு. இரண்டும் ஒரே நாள் பூ. பனி உலர்ந்ததும் காலையிலேயே பறித்து, அன்றைக்கே, முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தட்டில் ஏற்றிவிடுங்கள். சாக்கில் அமுக்கிக் கொண்டுவராமல் அகலமான கூடையில் கொண்டுவாருங்கள். கசங்கிய இதழ் அங்கேயே கருக்க ஆரம்பித்துவிடும். செம்பருத்தியில் இதழுக்கு அடியில் உள்ள பச்சைப் புல்லியையும் நடுவில் உள்ள மகரந்தத் தண்டையும் எடுத்துவிட்டு, இதழ்களை ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். வெந்நீரில் முக்கி எடுக்க வேண்டாம், நிறம் தண்ணீரிலேயே இறங்கிவிடும்.

இதழ் விரலில் நொறுங்கினால் மட்டும் போதாது. சங்குப்பூவின் காம்படிப் பகுதியை ஒடித்துப் பாருங்கள், வளையாமல் முறிய வேண்டும். பிறகு ஒரு கைப்பிடியைக் கண்ணாடி ஜாடியில் மூடி இரவு முழுக்க வைத்து, காலையில் பாருங்கள். பூ மறுபடி துவண்டிருந்தாலோ உள்பக்கம் ஈரம் தெரிந்தாலோ திரும்ப டிரையரில் போடுங்கள். சரியாகக் காய்ந்தால் 4 கிலோவுக்கு 400 முதல் 650 கிராம் வரை கிடைக்கும். நிறம் பார்க்க, வெந்நீரில் ஊற வைத்துச் சில சொட்டு எலுமிச்சை விடுங்கள். சங்குப்பூ நீலம் பளிச்சென்று ஊதாவாக வேண்டும், செம்பருத்தி சிவப்பாக வேண்டும். மங்கலாக மாறினால் நிறமி குறைந்துவிட்டது.

உங்கள் வாங்குபவரிடம் ஒன்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கடைகளில் ‘ஹைபிஸ்கஸ் டீ’ என்று ரத்தச் சிவப்பாக இருப்பது பெரும்பாலும் ரோசெல் என்ற புளிச்சை இனத்தின் சதைப்பற்றுள்ள புல்லி இதழ். அதில் இயற்கையாகவே புளிப்பு உண்டு, அதனால் சிவப்பு நிற்கிறது. நம் வீட்டுச் செம்பருத்தி எவ்வளவு நன்றாகக் காய்ந்தாலும் அந்தச் சிவப்பு எலுமிச்சை இல்லாமல் வராது. அவர் எதிர்பார்த்தது அதுவாக இருந்தால் உங்கள் சரக்கைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

காய்ந்த பூவைச் சூடு ஆறிய பின்பே பையில் போடுங்கள், இல்லையென்றால் உள்ளே வியர்க்கும். வெளிச்சம் புகாத அலுமினியப் பூச்சுப் பையில் சிறு சிறு பொட்டலமாகக் கட்டுங்கள். கண்ணாடி ஜாடியில் அழகாக அடுக்கி வைத்தால் சில வாரத்தில் நிறம் போய்விடும். விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும், இதுவரை எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

ரோஜா விஷயத்தில் என் பதில், வேண்டாம். மாலைக்கும் சந்தைக்கும் வளர்க்கும் ரோஜாவுக்கு இலைப்பேன், சாம்பல் நோய் என்று மருந்து அடித்துக்கொண்டே இருப்பார்கள். சாப்பிடுவதற்கு என்று யாரும் இடைவெளி விட்டுப் பறிப்பதில்லை. காயும்போது தண்ணீர்தான் போகும், மருந்தின் பெரும்பகுதி இதழிலேயே தங்கும். பத்து கிலோ இதழ் ஒன்று, ஒன்றரை கிலோவாகும்போது ஒவ்வொரு கிராமிலும் மருந்து பல மடங்கு செறிவாகிவிடும். ரோஜா வேண்டுமென்றால் உங்கள் தோட்டத்திலேயே பன்னீர் ரோஜா பத்துச் செடி வையுங்கள், பூச்சிக்கொல்லி இல்லாமல் வளருங்கள். மணம் போகாமலிருக்க அதை 40 டிகிரியிலேயே காய வையுங்கள்.