பிள்ளைக்கு எரிமலையை எப்பிடி விளங்கப்படுத்துறது? வினாகிரி, அப்பச்சோடா மாடல் காணுமா?

காணாது.

ஸ்கூல் கண்காட்சிக்கு ரெண்டு நாள்தான் இருக்கும், அதான் அவசரத்தில கேக்கிறீங்கள் எண்டு நினைக்கிறன். போன வருசம் வெள்ளவத்தையில இருந்து நானும் இதே பாடு பட்டனான். முதலே சொல்லிப்போடுறன், நான் புவிச்சரிதவியல் படிச்ச ஆள் இல்ல, புறக்கோட்டையில ஒரு ஹாட்வெயார் கடையில கணக்கெழுதுறன். பிழை இருந்தா சொல்லுங்கோ, ஆனா "கூகிளைப் பாத்து எழுதுறார்" எண்டு நக்கலடிக்க வேண்டாம்.

மகள் கேட்ட முதல் கேள்வி, "அப்பா, கல்லு எப்பிடி உருகும்?" பூமிக்குள்ள முழுக்க நெருப்புக் குழம்பு எண்டுதான் நானும் அதுவரைக்கும் நினைச்சிருந்தன். தேடிப் பாத்தா அப்பிடி இல்ல, எங்களுக்குக் கீழ, பூமியின்ட மேலோட்டுக்கு அடியில இருக்கிற மென்மூடி எண்ட தடிச்ச படை பெரும்பாலும் திண்மக் கல்லுத்தான். இந்தோனேசியாப் பக்கம் இந்து சமுத்திரத்தின்ட அடித்தளம் சுமாத்திரா, ஜாவாவுக்குக் கீழ போய்ச் செருகுது, போகேக்க தண்ணியையும் கொண்டு போகுது, அந்தத் தண்ணி சேந்த உடன அங்க இருக்கிற சூட்டிலயே கல்லு உருகத் தொடங்குது. இது எனக்கு டக்கெண்டு பிடிபட்டது, ஏனெண்டா எங்கட கடையில சோல்டர், அதான் வயர் ஒட்ட உருக்கிற ஈயம்-வெள்ளீயக் கலவை, விக்கிறம். ஈயம் உருக 327 டிகிரி வேணும், வெள்ளீயத்துக்கு 232, ரெண்டையும் அளவாக் கலந்தா 183லயே உருகும். சூட்டைக் கூட்டத் தேவையில்ல, சேக்கிறதைச் சேத்தா காணும்.

அடுத்தது வெடிப்பு. அப்பச்சோடா நுரைக்கிறது அமிலம் பட்டு காபனீரொட்சைட்டு வாறதால, எரிமலைக்குள்ள அந்தக் கதையே இல்ல. அங்க நீராவி, காபனீரொட்சைட்டு, கந்தகவீரொட்சைட்டு எல்லாம் முதலே குழம்புக்குள்ள கரைஞ்சு கிடக்கு, மேல வர வர அமுக்கம் குறைஞ்சு குமிழ் விடும், குலுக்கின சோடாப்போத்தலைத் திறந்த மாதிரி. குழம்பு இளக்கமா இருந்தா, ஹவாயில மாதிரி, வாயு லேசா கழண்டு போக மிச்சம் வழிஞ்சோடும். சிலிக்கா, அதான் மணல்ல இருக்கிற பொருள், கூடித் தடிப்பா இருந்தா வாயு மாட்டுப்பட்டு நிண்டு வெடிக்கும்.

இதைக் காட்டத்தான் ரெண்டு கிளாஸ் வச்சம், ஒண்டில தண்ணி, மற்றதில கித்துள் பாணி (கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சின பாகு), ரெண்டிலயும் ஸ்ட்ரோவால ஊதச் சொன்னம். தண்ணியில குமிழ் சும்மா வந்து உடையும், பாணியில ஊதிப் பெருத்து நிண்டு "பொத்" எண்டு தெறிக்கும். ஆனா முதல் வாங்கின பாணி சரிவரேல்ல, தண்ணி மாதிரி ஓடிச்சு. போத்தல்ல "சுத்தமான கித்துள்" எண்டு போட்டிருக்கு, உள்ள பச்சைச் சீனிப்பாகு! அந்த விலைக்கு வித்துப்போட்டு திருப்பிக் குடுக்கப் போனா "திறந்த போத்தல் எடுக்கமாட்டம்" எண்டு சொல்லுறான், திறக்காம எப்பிடி ஐயா பாக்கிறது? இதைக் கேக்க ஆளில்ல இந்த ஊரில.

சரி, விசயத்துக்கு வாறன். பக்கத்தில 1883ல இந்தோனேசியாவில வெடிச்ச கிறகற்றோவா எரிமலை பற்றி மகள் ஒரு மட்டையில எழுதி வச்சவள். 4,800 கிலோமீற்றர் தள்ளி இருக்கிற றொட்றிகஸ் தீவில சத்தம் கேட்டது, அலை எங்கட கிழக்குக் கரைக்கும் வந்து பாணமைப் பக்கம் ஒரு பெண் செத்தது எல்லாம். நடுவர் ஐயா அதை வாசிக்கவே இல்ல. "நெருப்பு எங்க பிள்ளை?" எண்டு கேட்டுப்போட்டு, "எங்கட கன்னியா வெந்நீரூற்றுக்குக் கீழயும் எரிமலைதானே" எண்டும் ஒரு போடு போட்டார். இல்ல ஐயா! அது மழைத்தண்ணி ஆழத்துக்கு இறங்கிச் சூடேறித் திரும்பி வாறது, இலங்கையில உயிரோட எரிமலை ஒண்டுமில்ல. நான் வாயைத் திறக்கேல்ல, மகளுக்குப் புள்ளி குறைஞ்சிடும் எண்ட பயம். அப்பிடியும் பரிசு, கடையில வாங்கின மலைக்குள்ள சிவப்பு பல்ப் போட்ட பிள்ளைக்குத்தான் போனது. அந்தப் பிள்ளையில எனக்கு ஒரு கோபமும் இல்ல, அதையும் சொல்லோணும்.

உங்கட பிள்ளைக்குப் பரிசு வேணுமெண்டா பல்ப் போடுங்கோ. விளங்கோணுமெண்டா பாணி வாங்குங்கோ, ஆனா கடையிலயே போத்தலைச் சரிச்சுப் பாத்து வாங்குங்கோ, உள்ள மெதுவா நகரோணும். எங்கட மிச்சத்தைத் தயிருக்கு விட்டுச் சாப்பிட்டம்.