நடக்க முடியாதவருக்கும் ஒரு நாள்

அன்புள்ள அம்மா,

வெள்ளவத்தையில் நாங்கள் பதினெட்டுப் பேர் சேர்ந்து நடக்கிறோம். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு கொழும்புக்கு வெளியே போய் வயல்வெளி, குளக்கரை என்று நடப்போம். அண்மைக் காலமாக நாடகம், கோயில், ஒருவர் வீட்டில் மதிய உணவு என்று நிகழ்ச்சிகள் கூடிக்கொண்டே போகின்றன. ‘இது நடைக்குழுவா, சாப்பாட்டுக்குழுவா?’ என்று கேட்டுவிட்டேன். சிலருக்கு மனவருத்தம். அடுத்த ஆறு மாதத் திட்டத்தை நான்தான் எழுத வேண்டும். நான் கேட்டது தவறா?

ஒரு வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள ஐயா,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. போர்க்காலத்தில் அடையாள அட்டை இல்லாமல் பால் வாங்கக்கூட வெளியே போகாதவர்கள் நாம். பத்துத் தமிழர் சேர்ந்து, அறியாத கிராமமொன்றின் வயல்வரப்பில் விடிகாலையில் நடப்பதை அன்று நினைத்தும் பார்த்திருக்க மாட்டோம். அந்த நடையை யாரும் குறைத்துவிடக் கூடாது என்று நீங்கள் நினைப்பது நியாயம்.

ஆனால் எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். தலங்கம குளக்கரையில் நத்தைகுத்தி நாரையையும் நீலத் தாழைக்கோழியையும் எங்களுக்கு அடையாளம் காட்டியவர் அவர்தான். முழங்கால் தேய்ந்து வரமுடியாமல் போயிற்று. எங்கள் திட்டத்தில் நடையைத் தவிர வேறெதுவும் இல்லை. அவரை விலக்க வேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. அவர் வருவதற்கு ஒரு நாள்தான் இல்லை. ஏழு மாதம் கழித்துச் சந்தையில் கண்டபோது, “இப்போது எங்கே நடக்கிறீர்கள்?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கக்கூடிய நிகழ்ச்சி வைக்கிறோம். முதல் ஆளாக வந்துவிடுகிறார்.

காலிமுகத்திடலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதையைக் கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் தமக்குப் பின் வருபவர்களிடம் ஒப்படைப்பதாக அது சொல்கிறது. நகரத்தின் பேர்பெற்ற நடைபாதையே மெதுவாக உலாவுகிறவர்களை மனத்தில் வைத்துப் போடப்பட்டதுதான். ஒரு மாலை அங்கே போங்கள். நடக்கிறவர்கள் நடக்கட்டும், மற்றவர்கள் இறால் வடையோடு கடலைப் பார்த்திருக்கட்டும்.

நீண்ட நடையையும் விடாதீர்கள். கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கும் மேல் போகிறது பீகோ நடைபாதை. அது 22 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கால் பலமுள்ளவர்கள் நடக்க, மற்றவர்கள் வாகனத்தில் போய் முடிவிடத்தில் கட்டுச்சாப்பாட்டோடு காத்திருக்கலாம். பௌர்ணமி விடுமுறையான போயா தினமாக இருந்தால் வேலைக்குப் போகும் பிள்ளைகளும் வருவார்கள். மழைக்காலமென்றால் அட்டைக்கடிக்கு ஆயத்தமாகப் போங்கள்.

அந்தப் பாதையில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டங்களின் பழைய வழிகள். 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்து, வழியிலேயே காய்ச்சலிலும் பசியிலும் பலரைப் பறிகொடுத்த நம் மக்கள் மலையில் வாழ்ந்து உழைத்த வழிகள் அவை. தோட்டத் தொழிலாளரின் லயன் வீட்டு வாசலில் யாராவது நின்றால் வணக்கம் சொல்லுங்கள், நின்று பேசுங்கள். அவர்கள் முற்றத்தைக் காட்சிப்பொருளாக்கிப் படம் எடுக்க யாரையும் விடாதீர்கள். இதில் நான் கண்டிப்பானவள்.

கொழும்புக்குப் பக்கத்திலேயே சும்மா ஒரு காலைக்கு பெத்தகான சதுப்பு நிலப் பூங்கா போதும். 2018இல், சதுப்பு நிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், சதுப்பு நில நகரமாக இந்தக் கொழும்பு அங்கீகரிக்கப்பட்டதை நம்மில் பலர் இன்னும் அறியவில்லை. பூங்காவின் பலகைப் பாதையில் மெல்ல நடக்கலாம். முழங்கால் வலிக்காரருக்கும் சிரமமில்லை.

உங்கள் பதினெட்டுப் பேரில் கடைசி இரண்டு மூன்று நடைகளுக்கு வராதவர் யார் என்று பாருங்கள். திட்டத்தை எழுத உட்காருமுன் அவருக்குத் தொலைபேசி எடுத்து, எந்த நாள், எந்த இடம் வசதி என்று கேளுங்கள். தாளில் அந்த நாளை முதலில் எழுதுங்கள். மனம் வருந்தியவர்களிடம் அதற்குப் பிறகு பேசுவது உங்களுக்கு எளிதாக இருக்கும்.

அன்புடன்.