25 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் தனியார் பள்ளிக்கே அனுப்பிவிடலாமா?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளியில் ஒதுக்கப்படும் 25 சதவீத இடங்களில், உங்கள் மகனுக்கு எல்கேஜி இடம் கிடைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு அங்கன்வாடியிலும் பிறகு உள்ளூர் அரசுப் பள்ளியிலும் சேர்ப்பது புத்திசாலித்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியொன்றில் இடைநிலை ஆசிரியை. என் மகளும் என் பள்ளியிலேயே ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள் என்பதால், "சம்பளம் அரசிடம், பிள்ளை மட்டும் மெட்ரிக் பள்ளியிலா?" என்ற கேள்வி எனக்குப் பொருந்தாது. அரசு ஊழியர்களின் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிகளிலேயே சேர்க்க வழிசெய்யுமாறு 2015இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரப் பிரதேச அரசுக்கு உத்தரவிட்டபோது, உடன் பணியாற்றுவோர் பலர் முகம் சுளித்தார்கள். நான் மனமார வரவேற்றேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைதான் துணைக்கு வரும். ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணத்தையும் நீங்கள்தான் கட்ட வேண்டும். அதற்கு முன்பும் செலவே இருக்காது என்று எண்ணிவிடாதீர்கள். இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்த சிறுவன் ஒருவனை அவன் தாய் மூன்றாம் வகுப்பில் எங்களிடம் அழைத்து வந்தார். "ஃபீஸ் இல்லன்னுதான் டீச்சர் சேர்த்தோம். வேனுக்கும் புக்குக்கும் யூனிஃபார்முக்குமே கடன் வாங்க வேண்டியதாப் போச்சு" என்றார். அந்தப் பையன் ஆங்கிலப் பாடத்தின் முதல் பக்கத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். அதே பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இது என்ன கண்ணு?" என்று கேட்டேன். அவனால் படிக்க முடியவில்லை. மறுபடியும் முதல் வரியிலிருந்து ஒப்பிக்கத் தொடங்கினான். தமிழிலும் எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. எல்லாத் தனியார் பள்ளிகளும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. நன்றாகக் கற்றுத்தரும் பள்ளிகளும் உண்டு. ஆனால் டையும் ஷூவும் வாசலுக்கு வரும் மஞ்சள் வேனும் படிப்புக்குச் சான்றாகிவிடாது.

பெற்றோரின் விருப்பம், அவரவர் உரிமை என்று இதைப் பேசுவோர் ஒரு கணக்கைப் பார்ப்பதே இல்லை. அதே சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61ஐத் தொட்டால்தான் மூன்றாமவர். ஆகஸ்ட் 1 நிலவரப்படி எங்கள் பதிவேட்டில் 58 பேர் மட்டுமே இருந்த ஆண்டில், மூன்றாம் பணியிடம் உபரி என்று கணக்கிடப்பட்டு, உபரி ஆசிரியர்களைத் தேவையுள்ள பள்ளிகளுக்கு மாற்றும் பணி நிரவலில் வேறு ஒன்றியத்துக்குப் போய்விட்டது. அன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு இருவர். ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போய்விட்டால், மற்றவர் ஒன்றாம் வகுப்புக்கு அகரம் எழுதிப் போட்டுவிட்டு ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கு நடத்த ஓட வேண்டும். அதைப் பார்க்கும் பெற்றோர், "அங்கே ஆளே இல்லை" என்று அடுத்த ஆண்டு இன்னும் சிலரை அழைத்துப் போகிறார்கள். அப்படிப் போகும் பிள்ளைகளில் ஒதுக்கீட்டில் சேர்வோருக்கான கட்டணத்தை, ஒரு பிள்ளைக்கு அரசு தன் பள்ளியில் செலவிடும் தொகைக்கு மிகாமல், அரசே தனியார் பள்ளிக்குத் திருப்பித் தருகிறது. தன் பள்ளியின் மூன்றாவது ஆசிரியரை இழக்க அரசே பணம் கொடுப்பதை நான் எப்படி ஏற்றுக்கொள்வது?

வேலைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்ற பயத்தில் எழுதுகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். நிரந்தரப் பணியில் உள்ள என்னை வேறு ஊருக்கு மாற்றுவார்கள், அவ்வளவுதான். இழப்பு வேனுக்குக் கொடுக்கவும் வழியில்லாத பிள்ளைகளுக்குத்தான். எங்களிடம் பொறுப்பற்ற ஆசிரியர்களே இல்லை என்றும் நான் வாதிடவில்லை.

ஆகவே முடிவெடுப்பதற்கு முன் வேலைநாள் ஒன்றில் காலையிலேயே உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்குப் போங்கள். காலை உணவு நேரத்துக்குப் போனால் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதையும் பார்க்கலாம். எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் நடத்தாத பாடத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தனியார் பள்ளியிலும் அதையே செய்து பாருங்கள். அனுமதிக்க மறுத்தால் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வேன், புத்தகம், சீருடை ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு எவ்வளவு என்பதைச் சேர்க்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.