தொழில்முறை ஐஸ் ஹொக்கி பற்றி நீங்கள் கொண்டிருக்கும், பலரும் ஏற்றுக்கொள்ளாத கருத்து எது?

இந்தக் கேள்விக்குப் பலர் மேலதிக நேரத்தில் தோற்ற அணிக்கும் ஒரு புள்ளி கொடுக்கும் முறையைப் பற்றி எழுதுவார்கள். அந்த முறை எனக்கும் பிடிக்காது என்றாலும், என்னுடைய கருத்து அதைவிடப் பாரதூரமான ஒன்றைப் பற்றியது. வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில், அதாவது என்எச்எல்லில், கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஒருவரையொருவர் முகத்தில் குத்திக்கொள்ளும் வீரர்கள் இருவரும் அந்தக் கணமே ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட வேண்டும் என்பதே அது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருபது ஆண்டுகளாக வாழ்ந்து, அந்த நகரத்தின் மேப்பிள் லீஃப்ஸ் அணியின் ஆட்டங்களை விடாமல் பார்த்துவரும் ஒருவனாகவே இதை எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஒன்பது வயதானபோது அவனை முதன்முறையாக ரொறன்ரோ அரங்கில் ஆட்டம் பார்க்கக் கூட்டிச் சென்றேன். மேல்தளத்தில் கடைசிக்கு முந்திய வரிசையில் எங்கள் இருக்கைகள் இருந்தன. இரண்டாம் பகுதியில், பக், அதாவது பந்துக்குப் பதிலாகப் பயன்படும் ரப்பர் வட்டு, கீழே விழுவதற்காகக் காத்து நின்ற இரண்டு வீரர்கள் ஏதோ பேசிக்கொண்டார்கள், ஒருவர் தலையசைத்தார். பக் விழுந்ததும் இருவரும் அதைத் திரும்பியும் பாராமல் கையுறைகளை உதறினார்கள். இடது கையால் எதிராளியின் மேலாடையைக் கழுத்தோடு பற்றிக்கொண்டு வலது கையால் மாறி மாறிக் குத்தினார்கள். கோட்டு நடுவர்கள் இருவரும் நாலடி தள்ளி நின்றார்கள். அவர்களில் ஒருவர், சண்டையிடுபவர்களின் சறுக்குக் காலணிகளில் சிக்கிவிடாதபடி, பனியில் கிடந்த மட்டையையும் கையுறையையும் காலால் ஒதுக்கிவிட்டதை நான் கண்ணால் கண்டேன். ஒருவர் விழுந்த பிறகுதான் அவர்கள் இடையில் புகுந்தார்கள். அரங்கம் முழுவதும் எழுந்து நின்று ஆரவாரித்துக்கொண்டிருந்தபோது என் மகன் மட்டும் உட்கார்ந்தபடியே, "அப்பா, அவையள் ஏன் விலக்குப் பிடிக்கேல்லை?" என்று கேட்டான். அவனுக்குச் சொல்வதற்கு ஒழுங்கான பதில் ஒன்றும் என்னிடம் இருக்கவில்லை.

அதன் பிறகு விதிகளைத் தேடி வாசித்தேன். 1922இல் லீக் இதற்கென ஒரு விதியை எழுதியபோது, குத்துச்சண்டைக்கு வெளியேற்றத்தை அல்ல, ஐந்து நிமிடத் தண்டனையையே விதித்தது. நூறு ஆண்டுகள் கடந்தும் அடிப்படையில் அதே தண்டனைதான் நடைமுறையில் இருக்கிறது. சாதாரணமாக ஒருவர் தண்டனைப் பெட்டிக்குள் போனால் அவருடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். அந்த இழப்புக்குப் பயந்துதான் வீரர்கள் தவறு செய்யாமல் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்கிறார்கள். ஆனால் இருவர் சண்டையிட்டு இருவருக்கும் சமமாக ஐந்து நிமிடம் கிடைத்தால், இரண்டு அணிகளும் உடனடியாக மாற்று வீரர்களை இறக்கி முழு எண்ணிக்கையிலேயே ஆட்டத்தைத் தொடரலாம். அணிக்கு ஒரு நட்டமும் இல்லாத ஒன்றைத் தண்டனை என்று என்னால் அழைக்க முடியாது. அது சண்டைக்குக் கொடுக்கப்படும் அனுமதிச் சீட்டு. இதே விதிப் புத்தகம், நடந்துகொண்டிருக்கும் சண்டைக்குள் மூன்றாவதாக நுழைபவரை ஆட்டத்தைவிட்டே வெளியேற்றுகிறது. மூன்றாவது ஆளை வெளியேற்றத் தெரிந்த லீக்குக்கு முதல் இருவரை வெளியேற்றத் தெரியாமல் இல்லை.

சண்டையை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம், அது விளையாட்டைத் தானே கண்காணிக்கிறது என்பதாகும். நட்சத்திர வீரர் ஒருவரை யாராவது முறைகேடாக இடித்துத் தள்ளினால், அந்த அணியின் சண்டியன் வந்து கணக்குத் தீர்ப்பான். அந்தப் பயம் இருப்பதால் பெரிய காயங்கள் தவிர்க்கப்படுகின்றன. இது வீரர்களிடையே நிலவும் எழுதாச் சட்டம் என்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் இதை நம்பியிருந்தேன். ஸ்டீவ் மூருக்கு நடந்ததை முழுமையாக அறிந்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. 2004 பெப்ரவரியில் கொலராடோ அணியின் மூர், வன்கூவர் அணியின் தலைவர் மார்க்கஸ் நாஸ்லண்டை இடித்ததில் நாஸ்லண்டின் தலையில் அடிபட்டது. மார்ச் 8ஆம் திகதி இரு அணிகளும் வன்கூவரில் மீண்டும் சந்தித்தபோது, முதல் பகுதியிலேயே வன்கூவரின் மட் குக்குடன் மூர் சண்டையிட்டார். எழுதாச் சட்டத்தின்படி கணக்கு அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் மூன்றாம் பகுதியில் டொட் பெர்டூசி அவரைப் பின்தொடர்ந்து போய், பின்னாலிருந்து மேலாடையைப் பிடித்து இழுத்துத் தலையில் குத்தி, பனியில் முகம் மோத வீழ்த்தினார். மூரின் கழுத்தில் மூன்று எலும்புகள் முறிந்தன. இருபத்தைந்து வயதில் அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்துபோனது. எழுதாச் சட்டம் கேட்ட விலையை முழுதாகக் கொடுத்த மனிதனை அதே சட்டம் காப்பாற்றவில்லை.

சண்டியன் என்று மேலே எழுதினேன். அந்த வேலைக்கென்றே அணிக்கு எடுக்கப்பட்ட மனிதர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். டெரிக் பூகார்ட் மினசோட்டா, நியூயோர்க் ரேஞ்சர்ஸ் அணிகளுக்காக 277 ஆட்டங்களில் இறங்கி மூன்றே கோல்கள் அடித்தவர். ரேஞ்சர்ஸ் அணி 2010இல் அவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு 65 இலட்சம் டொலர் ஒப்பந்தம் கொடுத்தது அந்தக் கோல்களுக்காக அல்ல. அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு சண்டையில் தலையில் அடிபட்டு வெளியேறியவர் மறுபடி ஆடவே இல்லை. 2011 மே மாதம், வலிநிவாரணி மாத்திரைகளும் மதுவும் கலந்ததில், இருபத்தெட்டு வயதில் இறந்துபோனார். அவருடைய மூளையைப் பரிசோதித்த பொஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுபவர்களுக்கு வரும் சிடிஇ என்ற மூளைச் சிதைவு நோய், அந்த வயதில் எதிர்பார்க்க முடியாத அளவுக்கு முற்றியிருந்ததைக் கண்டார்கள். அதே கோடையில் ரிக் ரிப்பியனும், ஒரு காலத்தில் லீஃப்ஸ் அணிக்கு ஆடிய வேட் பெலாக்கும் இறந்தார்கள். மூவரும் சண்டைக்குப் பெயர்போனவர்கள். ஒவ்வொரு மரணத்துக்கும் குத்துகள் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன்; மனிதர்களின் துயரங்களை அப்படி ஒற்றைக் காரணத்தில் அடக்குவது நியாயமில்லை. ஆனால் கைமுட்டியால் சம்பாதிப்பவன் தன் தலையைத்தான் விற்கிறான் என்பதை அந்தக் கோடைக்குப் பிறகு யாரும் மறுத்திருக்கக் கூடாது.

லீக் மறுத்தது. 1993 முதல் அதன் ஆணையாளராக இருக்கும் கரி பெட்மன், 2019இல் ஒட்டாவாவில் நாடாளுமன்ற உபகுழுவின் முன் தோன்றியபோதும், ஹொக்கிக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு முடிவாக நிறுவப்படவில்லை என்றே நின்றார். அதற்கு முந்திய ஆண்டில், வழக்குத் தொடுத்திருந்த முந்நூறுக்கு மேற்பட்ட முன்னாள் வீரர்களுடன், எந்தப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளாமல், ஏறத்தாழ 1 கோடியே 90 இலட்சம் டொலருக்கு லீக் இணக்கம் கண்டிருந்தது. ஓர் ஆளுக்கு 22,000 டொலர் கைக்குக் கிடைக்கும் ஏற்பாடு. லீக்கில் மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் வீரர்கூட இரண்டு மூன்று ஆட்டங்களில் இன்று சம்பாதிக்கும் தொகை அது.

பாரம்பரியம் என்ற வாதத்துக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. 1959இல் முகம் கிழிந்த பிறகு முகமூடி அணிந்து கோலைக் காத்த ஜாக் பிளாண்டை அவருடைய பயிற்றுநரே விரும்பவில்லை. புதிதாக வருபவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமானது 1979இல்தான். இன்று முகமூடி இல்லாத கோல்காப்பாளரை எவரும் கற்பனைகூடச் செய்வதில்லை.

சண்டைகள் தாமாகவே குறைந்து வருகின்றன, விதியை மாற்றத் தேவையில்லை என்று சொல்பவர்களும் உண்டு. குறைந்திருப்பது உண்மை, 2008-09 பருவத்தில் எழுநூறுக்கு மேல் இருந்த எண்ணிக்கை இப்போது அதில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் அந்தப் பருவத்தில்தான், ஒன்ராறியோவின் வயதுவந்தோர் லீக் ஒன்றில் ஆடிய டொன் சாண்டர்சன் என்ற இருபத்தொரு வயது இளைஞன், சண்டையின்போது தலைக்கவசம் கழன்று, பனியில் தலை மோதி, மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்து இறந்தான். அப்படி விழுவதற்கு ஒரே ஒரு சண்டை போதும். 2013இல் பருவத்தின் முதல் நாளே மொன்றியலில் ஜோர்ஜ் பாரோஸ் சண்டையின் நடுவே தாடை பனியில் அடிபட விழுந்து, நினைவிழந்து, தூக்குப்படுக்கையில் கொண்டுபோகப்பட்டதை நான் தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்த்தேன். நான்கு ஆண்டுகள் கழித்து லீக் அவரைத்தான் வீரர் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைவராக நியமித்தது.

2025 பெப்ரவரியில், நான்கு நாடுகள் பங்கேற்ற தொடர் ஒன்றில் கனடாவும் அமெரிக்காவும் மொன்றியலில் மோதிய ஆட்டத்தின் முதல் ஒன்பது செக்கன்களில் மூன்று சண்டைகள் நடந்தன. பார்த்தீர்களா, மக்கள் இதைத்தான் விரும்புகிறார்கள் என்று என் அலுவலகத்திலேயே பலர் சொன்னார்கள். ஐந்து நாள் கழித்து பொஸ்டனில் அதே இரு அணிகளும் இறுதியாட்டத்தில் ஆடின. அதில் ஒருவரும் கையுறையைக் கழற்றவில்லை. மேலதிக நேரத்தில் கொனர் மெக்டேவிட் அடித்த கோலில் கனடா 3-2 என்று வென்றபோது, எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கேட்ட சத்தத்தை நான் மறக்கமாட்டேன். ஒரு தோல்வியின் விலை உண்மையிலேயே பெரிதாக இருக்கும் ஆட்டத்தில் வீரர்கள் தாங்களாகவே சண்டையைத் தவிர்க்கிறார்கள் என்றால், அது ஆட்டத்தின் அங்கம் என்ற கூற்றில் என்ன மிஞ்சுகிறது?

ஒலிம்பிக்கில் சண்டையிடுபவர் வெளியேற்றப்படுகிறார். கியூபெக்கின் இளையோர் பெரும் லீக் 2023-24 பருவத்திலிருந்து அதையே விதியாக்கியிருக்கிறது. 2024இல் தொடங்கிய பெண்களின் தொழில்முறை லீக் சண்டையை அனுமதிக்காமலே, அந்த ஏப்ரலில் மொன்றியலில் ஓர் ஆட்டத்துக்கு 21,105 பேரை வரவழைத்தது. அங்கே உடலால் இடித்து மறிப்பது தாராளமாக உண்டு. அதை நானும் எதிர்க்கவில்லை. பக்கை வைத்திருப்பவரைத் தோளால் மறித்துப் பக்கைப் பறிப்பது ஒரு திறமை. என் மகன் இப்போது அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறான். நான் கேட்பது ஒரு விதி மட்டும்: சண்டையிட்ட இருவருக்கும் அன்றைய ஆட்டம் முடிந்தது, தொடங்கியவர் அடுத்த ஆட்டத்திலும் இறங்க முடியாது, கோட்டு நடுவர்கள் முதல் குத்துக்கு முன்பே உள்ளே புகுந்து விலக்குப் பிடிக்க வேண்டும்.