எட்டு டிகிரி டிசம்பர்: ஒட்டாவாவுக்கு வந்த கோத்தகிரித் தம்பிக்கு

கோத்தகிரியிலிருந்து படிக்க வந்து நாலு மாதம்தான் ஆகிறது, டிசம்பர் பாதி தாண்டியும் ஒட்டாவாவில் எட்டு டிகிரி காட்டுகிறது, புல் பச்சையாகவே கிடக்கிறது, கூடத் தங்கியிருக்கிற பையன்கள் எல்லாம் 'நல்லவேளை தப்பிச்சோம்' என்கிறார்கள், எனக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது, இது வீண் பயமா அக்கா, இங்கே ஒரு குளிர்காலம்கூடப் பார்க்காத நான் இதைப் பற்றிக் கவலைப்படலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீண் பயம் இல்லை தம்பி. டிசம்பர் நடுவில் இங்கே பகலில்கூடப் பூஜ்யத்தைத் தொடத் திணறுவதுதான் வழக்கம். ஆனால் ஒரு வாரத்தை வைத்து எதையும் முடிவு கட்டிவிடாதீர்கள். இது உங்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய விஷயமும் இல்லை, நீங்களும் பனி பார்த்து வளர்ந்தவர்தான்.

நான் நீலகிரியில் மஞ்சூர்ப் பக்கம். நவம்பரில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி என்பது நம் மலையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. வானம் தெளிந்து காற்று அசையாமல் இருக்கிற இரவில்தான் தரை சீக்கிரம் சூட்டை இழக்கும், குளிர்ந்த காற்று பள்ளத்துக்கு இறங்கி அங்கேயே தேங்கும். ஊட்டியில் தலைகுந்தாவும் காந்தலும் குதிரைப் பந்தய மைதானமும் வெள்ளை வெளேரென்று கிடக்கும்போது பக்கத்து மேட்டில் ஒன்றுமே இருக்காது, பார்த்திருப்பீர்கள். வடகிழக்குப் பருவமழை இழுத்துக்கொண்டே போய் மேகம் கலையாமல் இருந்தால் உறைபனி ஜனவரிக்குத் தள்ளிப்போகும். அது அந்த வருடத்து மேகத்தின் வேலை, அதை மட்டும் வைத்துப் பருவம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. எதிர்ப்பக்கமும் அப்படித்தான். தலைகுந்தாவில் ஒரு நாள் மைனஸில் இறங்கியதும் தொலைக்காட்சிக்காரர்கள் 'மினி காஷ்மீர்' என்று கிளம்பிவிடுவார்கள், அந்த வீடியோவை அனுப்பி 'எங்கே உங்க வெப்பமயமாதல்?' என்று கேட்கிற மாமா ஒருவர் எல்லா வீட்டு வாட்ஸ்அப்பிலும் இருக்கிறார். அவரிடமும் ஒரே ஒரு இரவுதான் கையில் இருக்கிறது.

பார்க்க வேண்டியது பல வருடங்களின் போக்கை. ஊட்டியில் 2024 ஏப்ரல் கடைசியில் 29 டிகிரி பதிவானது, அந்த ஊருக்கு அது பல பத்தாண்டுகளில் காணாத வெயில். எங்கள் சித்தப்பா வீட்டில் இப்போது மின்விசிறி மாட்டியிருக்கிறார்கள். ஊட்டியில் மின்விசிறி என்றால் என் பாட்டி நம்பியிருக்கவே மாட்டாள்.

இங்கே ரிடோ கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1970–71 முதல் ஒவ்வொரு குளிர்காலமும் உறைந்து, 7.8 கிலோமீட்டர் நீளத்துக்குச் சறுக்கு ஓடுதளமாகத் திறந்துவிடுவார்கள். 2022–23இல் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை, தொடங்கிய காலத்திலிருந்து அதுதான் முதல் முறை. அடுத்த வருடம் சில நாட்கள் மட்டும் திறந்து மூடினார்கள். அந்த 2023–24தான் கனடா முழுவதற்குமாக 1948 முதல் உள்ள பதிவுகளில் மிகச் சூடான குளிர்காலம். அதில் பசிபிக் கடல் சூடேறுகிற எல் நினோவுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. 2024–25இல் மறுபடி நல்ல குளிர், கால்வாய் பல வாரங்கள் திறந்திருந்தது, 'பார்த்தீங்களா, எல்லாம் சரியாயிடுச்சு' என்றார்கள். சரியாகவில்லை. உலகம் சராசரியாகச் சூடேறுவதைப்போல் சுமார் இரண்டு மடங்கு வேகத்தில் கனடா சூடேறுகிறது, அதிலும் குளிர்காலம்தான் முன்னால் ஓடுகிறது. தரையில் பனி கிடந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும், பனி குறைந்தால் தரை அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும், அதனால் இன்னும் பனி குறையும். வடக்கில் சூடேற்றம் வேகமாக இருக்க இது ஒரு முக்கியக் காரணம்.

உங்கள் அறை நண்பர்கள்மேல் கோபப்படாதீர்கள். மைனஸ் இருபத்தைந்தில் பேருந்துக்கு நின்று பார்த்தால் அவர்கள் சொல்வது புரியும். ஹீட்டர் செலவு குறைகிறது, விடிகாலையில் மண்வெட்டியோடு பனி தள்ள வேண்டாம், யாருக்குத்தான் கசக்கும்? நம் ஊரிலும் உறைபனி விழவில்லையே என்று எந்தத் தேயிலைக்காரர் அழுதார்? பனி அடித்த மறுநாள் வெயில் ஏறியதும் செடி தீ வைத்ததுபோல் கருகிப்போகும், மறுபடி துளிர்க்க மாதக்கணக்கில் ஆகும். ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு அதுதான் வருமானமே. மிலார்ச் செடி வெட்டி வந்து தேயிலையை மூடிவிட்டு, இன்று மேகம் வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பனி இல்லாத ஜனவரியில் கொழுந்து நிற்காமல் வந்தால் அவர்களுக்கு அது தீபாவளிதான்.

ஆனால் சூட்டோடு வேறு ஆட்களும் வருகிறார்கள். வறண்டு சூடாக இருந்தால் சிவப்புச் சிலந்தி என்கிற நுண்ணிய பூச்சி இலையைச் சிவக்க அடிக்கும், ஒரு காலத்தில் தாழ்வான தோட்டங்களின் தொல்லையாக இருந்த தேயிலைக் கொசு (பேர்தான் கொசு, சாறு உறிஞ்சுகிற பூச்சி) இப்போது மேலே ஏறி வருகிறது. மருந்துச் செலவு அந்த லாபத்தைத் தின்றுவிடும்.

இன்னொன்று, முக்குருத்திப் பக்கம் புல்வெளியும் பள்ளங்களில் சோலையுமாகக் கிடக்கிறதே, அந்தப் புல்வெளி புல்வெளியாகவே நிற்க உறைபனியும் ஒரு காரணம் என்கிறார்கள். மரக்கன்று முளைத்தாலும் பனி கருக்கிவிடும், புல் தாங்கிக்கொள்ளும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை மரம் (வாட்டில்) ஏற்கெனவே புல்வெளிக்குள் பரவுகிறது. பனியும் விலகிக்கொண்டால் அதைத் தடுக்க யார் இருக்கிறார்கள்? வரையாடு புல்லை நம்பித்தான் வாழ்கிறது. எனக்குத் தேயிலையைவிட இதுதான் அதிகம் உறுத்துகிறது, ஏனென்றால் கருகின செடி துளிர்த்துவிடும், மரம் மூடிய புல்வெளி தானாகத் திரும்பாது.

இதெல்லாம் கேட்டு, வந்ததே தப்போ, ஊரோடு இருந்திருக்கலாமோ என்று யோசிக்காதீர்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண்சரிந்து நாற்பது பேருக்கு மேல் போனார்கள், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இங்கே 2023 ஜூனில் காட்டுத்தீப் புகையால் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒன்று இருக்கிறது.

சரி, நடைமுறைக்கு வருவோம். கனடா சுற்றுச்சூழல் துறையின் வானிலைப் பக்கத்தில் அன்றைய தேதிக்கான வழக்கமான வெப்பநிலையும் பழைய உச்சங்களும் இருக்கும், முன்னறிவிப்போடு அதையும் பாருங்கள், மனசு சும்மா அலையாது. பகலில் உருகி ராத்திரியில் உறைகிற குளிர்காலம் நல்ல கடுங்குளிரைவிட வழுக்கும். நடைபாதையில் கண்ணுக்கே தெரியாத பனிக்கட்டி இருக்கும், நல்ல பிடிப்புள்ள பூட்ஸுக்குக் காசு பார்க்காதீர்கள். நாலு டிகிரிக்கு மேல் போனால் உண்ணி நடமாட ஆரம்பித்துவிடும், அது கடித்துத் தொற்றுகிற லைம் நோய் பரவ இந்தச் சூடும் ஒரு காரணம், ஆகவே பிப்ரவரியில் இதமாக இருக்கிறதென்று புதர்ப் பாதையில் நடந்துவிட்டு வந்தால் உடம்பு முழுவதும் சோதியுங்கள். அட்டைக்கு உப்பு போட்டுப் பழகிய நமக்கு இது பெரிய வேலையில்லை, ஆனால் உண்ணியை உப்பு போட்டு எடுக்கக் கூடாது, இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும்.

ஏரியோ குளமோ உறைந்த மாதிரித் தெரிந்தால் நண்பர்கள் இறங்கச் சொல்வார்கள். ஒருவர் நடக்கவே 15 சென்டிமீட்டர் கெட்டியான பனிக்கட்டி வேண்டும், இந்த மாதிரி வருடத்தில் அதை யாரும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கால்வாயில் மட்டும் இறங்குங்கள், அதுவும் பச்சைக் கொடி ஏற்றியிருந்தால் மட்டும், சிவப்பு என்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். சறுக்குக் காலணியை இப்போதே கடையில் போய் வாங்காதீர்கள், திறக்கிற அன்றைக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.