முட்டைப் பொறியில மருந்து எதுக்கு?

கேள்வி: கறுப்பு டப்பால தண்ணி ஊத்தி கொசுவை முட்டை போட வச்சு எண்ணுறாங்களே, அதுலயே பிடிஐ (Bti)னு கொசுப்புழுவைக் கொல்லுற மருந்தையும் போடுறாங்க. முட்டைதானே வேணும், மருந்து எதுக்கு?

பதில்: நல்ல கேள்விங்க. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு முட்டையை தண்ணிக்குள்ள போடாது, தண்ணி மட்டத்துக்கு சற்று மேல ஈரமா சொரசொரப்பா இருக்குற இடத்துலதான் ஒட்டும், அதனாலதான் உள்ள ஒரு துணியோ மரப்பட்டையோ வைக்கிறது, வாராவாரம் எடுத்து லென்ஸ்ல பாத்தா மிளகுத்தூள் தூவுன மாதிரி கறுப்பா தெரியும். ஆனா ஒரு வாரம் எடுக்க மறந்தோம்னு வைங்க, அந்த டப்பாவே கொசுப்பண்ணை ஆயிடும்! அதுக்குத்தான் பிடிஐ. 1976ல இஸ்ரேலோட நெகேவ் பாலைவனத்துல ஒரு குட்டைல கண்டுபிடிச்ச பாக்டீரியா இது. முட்டையை ஒண்ணும் பண்ணாது, அதனால எண்ணிக்கை கெடாது. முட்டைலருந்து வர்ற புழு இதைத் தின்னா, புழுவோட குடல்ல இருக்குற காரத்தன்மைல இந்த பாக்டீரியாவோட புரதப் படிகம் கரைஞ்சு குடல் சுவரையே ஓட்டை போட்டுரும், பெரும்பாலும் ஒரே நாள்ல செத்துரும். நம்ம வயித்துல அமிலம்தான், அதனால பயப்படாதீங்க. கூட்டுப்புழு எதுவும் தின்னாது, அதுகிட்ட இது பலிக்காது, அதனால மருந்தை ஆரம்பத்துலயே போட்டுறணும். வெயில்ல வீரியம் குறையும், டப்பாவை நிழல்ல வைங்க.