லேசர் அடிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி

கேள்வி: எனக்கு 64 வயது. சர்க்கரை வந்து 19 வருடம் ஆகிறது. நான்கு வருடத்துக்கு முன்பு வலது கண்ணில் புரை ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தார்கள். அடுத்த வருடம் அதே கண்ணுக்குள் ரத்தம் கசிந்ததால் விழித்திரையிலும் ஆபரேஷன் ஆனது. உள்ளே கேஸ் அடைத்துக் குப்புறப் படுக்க வைத்தார்கள். இப்போது ஆறு மாதமாக எல்லாம் பனிமூட்டத்துக்குள் தெரிகிறது. எழுத்துப் பலகையில் பாதிக்கு மேல் படித்துவிடுகிறேன். ஆனால் எதிரே வண்டி விளக்கு வந்தால் ஒரே வெள்ளை! என் அக்காவுக்கும் இப்படி மங்கி, லேசர் அடித்ததும் சரியாகிவிட்டது. நானும் அடித்துக்கொள்ளலாமா? சர்க்கரையைக் குறைத்தால் தானாகத் தெளியுமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அம்மா. உங்கள் அக்காவுக்கு வந்ததும் உங்களுக்கு வந்திருப்பதும் வேறு வேறாக இருக்கலாம்.

புரையை எடுக்கும்போது அதை மூடியிருந்த மெல்லிய பையை விட்டுவைத்து, அதற்குள்தான் லென்ஸை உட்கார வைக்கிறோம். பையில் ஒட்டியிருக்கும் மிச்ச செல்கள் சிலருக்கு மெல்ல வளர்ந்து, லென்ஸின் பின்பக்கச் சவ்வை மங்கலாக்கிவிடும். ‘புரை திரும்ப வந்துவிட்டது’ என்று பலரும் சொல்வது இதைத்தான். யாக் லேசரால் அந்தச் சவ்வின் நடுவில் ஒரு ஜன்னல் திறந்தால் போதும், சில நிமிட வேலை. அக்காவுக்கு நடந்தது அநேகமாக இதுதான்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ‘கேஸ்’ என்ற வார்த்தை. ஏன் என்று புரிய, லென்ஸின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1949-ல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற கண் டாக்டர் முதன்முதலில் கண்ணுக்குள் வைத்த லென்ஸ், போர் விமானங்களின் கண்ணாடிக் கூரைக்குப் பயன்பட்ட வகைப் பிளாஸ்டிக். கெட்டியானது. சின்னக் கீறல் வழியாக மடித்து நுழைக்க வேண்டும் என்று பிறகு மென்மையான லென்ஸ்கள் வந்தன. அவற்றில் ஒரு வகை, தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் அக்ரிலிக். சிலருக்கு இந்த வகை லென்ஸுக்குள்ளேயே கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து உப்பாகப் படிந்துவிடுகின்றன. சர்க்கரை உள்ளவர்களின் கண்ணில், ரத்தத்தில் இருப்பது கண்ணுக்குள் கசியாமல் ரத்தக்குழாய்ச் சுவர் காக்கும் காவல் தளர்வதால் பாஸ்பேட் கசிந்து சேர்வது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கண்ணுக்குள் கேஸ் அடைத்த பிறகும் இப்படிப் படிவது நன்றாகத் தெரிந்த விஷயம். உங்களுக்கு இரண்டுமே இருக்கின்றன.

இதில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிது. அச்சுப்பிழை திருத்தும் வேலை பார்த்தவர் ஒருவர் இதே மாதிரி மங்கலோடு வந்தார். சவ்வுதான் என்று முடிவுகட்டி லேசர் அடித்தேன். தெளியவில்லை. ஜன்னல் சின்னதோ என்று இன்னொரு முறை அடித்துப் பெரிதாக்கினேன். அப்புறம்தான் கண்பாவையை நன்றாக விரியவைத்து, ஸ்லிட் லாம்ப் என்ற கண் பார்க்கும் நுண்ணோக்கியின் ஒளிக்கீற்றைச் சாய்த்துப் பார்த்தேன். லென்ஸின் முன்பரப்பில் கோலப்பொடி தூவியது போல வெள்ளை! லென்ஸை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் பின்சவ்வில்தான் நான் ஓட்டை போட்டுவிட்டேனே! புது லென்ஸைத் தாங்கப் பை சரியாக இல்லை, அதற்குப் பின்னால் கண்ணை நிரப்பியிருக்கும் கூழும் முன்னே வரப்பார்த்தது. சுலபமாக முடிந்திருக்க வேண்டியதை விழித்திரை டாக்டரையும் கூட வைத்துக்கொண்டு செய்தோம்.

அதனால் உங்கள் டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: “மங்கியது லென்ஸா, பின்னால் இருக்கிற சவ்வா?” கண்ணை விரித்துப் பார்த்தால் பெரும்பாலும் சொல்லிவிடலாம். சவ்வு என்றால் தயங்காமல் லேசர். லென்ஸ் என்றால் லேசரே வேண்டாம்.

சர்க்கரையைக் குறைப்பது விழித்திரைக்கு அவசியம்தான். ஆனால் படிந்த கால்சியம் அதனால் கரையாது, சொட்டு மருந்துக்கும் கரையாது. லென்ஸை எடுத்துவிட்டுத் தண்ணீர் உறிஞ்சாத வகையை வைப்பதுதான் வழி. அதற்கு முன், விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் விழித்திரையின் நடுவில் நீர்கோத்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அங்கே வீக்கம் இருந்தால், லென்ஸை மாற்றியும் நீங்கள் எதிர்பார்க்கிற பார்வை வராது.

இதற்கெல்லாம் தலைதெறிக்கிற அவசரம் இல்லை. சமாளிக்க முடிகிற வரை தள்ளிப்போடலாம், இரவில் வண்டி ஓட்டுவதை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள். முதல் ஆபரேஷனின்போது லென்ஸின் பெயரும் பவரும் ஒட்டிய சின்ன அட்டை ஒன்று தந்திருப்பார்கள். போகும்போது அதைத் தேடி எடுத்துப் போங்கள்.